அலுப்போடு வந்தார், அள்ளிக் கொடுத்தார்!

சென்னை மெரினா பக்கம் போகிறவர்கள், சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்தபடி நிற்கும் பல்கலைக்கழக நூலகத்தைக் கவனித்திருப்பார்கள். 1936-ல் திறக்கப்பட்ட கட்டடம் இது. நூலகர் வேலை என்பது படித்துத் தேற வேண்டிய ஒரு தொழிலாக வளர்ந்த கதை இதற்கும் முந்தையது.

சற்றுத் தள்ளியிருக்கும் மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி வந்தவர், சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-ல் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாட்களிலேயே அலுப்புத் தட்டியது. வகுப்பறைக்கே திரும்ப நினைத்தவரைச் சமாதானப்படுத்தி, பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பினார்கள்.

அங்கே தொழிலாளர்களும் குழந்தைகளும்கூட உரிமையோடு நூலகத்துக்குள் நடமாடினார்கள். அதைப் பார்த்தவரின் மனம் மாறியது. ஒரு கடையில் கண்ட மெக்கானோ பொம்மைத் துண்டுகள், புத்தகங்களை வகைப்படுத்தும் அவரது ‘கோலன்’ முறைக்கு வித்திட்டன.

ஊர் திரும்பியவர், 1929-ல் நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பைச் சென்னையில் தொடங்கினார். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளின் சாரம் எளிமையானது: நூலகரின் வேலை புத்தகத்தைக் காவல் காப்பதல்ல, தேவைப்படுகிறவர் கையில் சேர்ப்பது.

அவர் பிறந்த ஆகஸ்ட் 12, இந்தியாவில் நூலகர் தினம். வேண்டாமென்று ஓடப் பார்த்த அதே மனிதர், நூலகவியலுக்குப் பேராசிரியர் இருக்கை அமைய, தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை இதே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்.