மண்ணூரில் நான் கொடுத்த ஓசி ரன்

தண்டலத்தில் திரும்பி பேரம்பாக்கம் ரோட்டில் போனால் மண்ணூர். வழியெல்லாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்கள். ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் பார்க்கப் போனவனைப் பொடியன்கள் மடக்கினார்கள். சாஃப்ட்பால் மேட்ச்! "சார், அம்பயர் இல்ல... நில்லுங்க!" பி.காம். படித்த தைரியத்தில் நின்றேன்.

கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். அடித்தவன் முதல் பேஸைத் தொட்டு, இரண்டாவதை நோக்கிப் பறந்தான். ஃபீல்டர் எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் வேலிக்கு வெளியே! அது போய் விழுவதற்குள் பையன் இரண்டாவது பேஸில் கால் வைத்துவிட்டான். "அங்கேயிருந்து ரெண்டு பேஸ் இனாம். ரன்!" என்றேன் கம்பீரமாக. தோற்ற கேப்டனுக்குப் பன்னிரண்டு வயசிருக்கும். கண் கலங்கிவிட்டது.

ராத்திரி விதியைப் படித்தால் பகீர்! இரண்டு பேஸ் சரிதான். ஆனால் பந்து கையை விட்ட நொடியில் கடைசியாகத் தொட்டிருந்த பேஸிலிருந்து எண்ணணும். ஆக, மூன்றாவது பேஸ்தான், ரன் கிடையாது.

2019 உலகக் கோப்பை ஃபைனலில், லார்ட்ஸிலும் இதே கூத்துதான். கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டு பவுண்டரி. கொடுத்தது ஆறு ரன். எறிந்த நொடியில் இரண்டாவது ரன்னுக்கு பேட்ஸ்மேன்கள் குறுக்கே தாண்டவில்லை, அதனால் ஐந்துதான் என்றார் முன்னாள் அம்பயர் சைமன் டாஃபெல். மேட்ச் 'டை'!

அடுத்த ஞாயிறு போய்த் தப்பை ஒப்புக்கொண்டேன். கேப்டன் யோசித்தான்.

"பரவால்ல சார். அவனை மூணாவது பேஸ்ல நிறுத்தி மறுபடி ஆடிக்கறோம். நீங்க மட்டும் அம்பயரா வேணாம்!"