40 வாட்ஸ் பல்பும் பொடிக்கட்டம் போட்ட லுங்கியும்

முதல் படம் எடுக்க வரும் தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்தக் கேமரா எடுக்கலாம்?" என்பதுதான். "உன் கதையிலேயே ரொம்பக் கஷ்டமான ராத்திரி எது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைச் சொன்னால்தான் கேமரா பற்றிப் பேச்சையே ஆரம்பிக்க முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் சிவகங்கைப் பக்கம் 26 நாளில் ஒரு படம் செய்தோம். ஜெனரேட்டர் வேன் கிடையாது என்று தயாரிப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டார். கதையில் ஒரு பாட்டி. ஓட்டு வீட்டுக்குள் ஒற்றைக் குண்டு பல்புக்குக் கீழே உட்கார்ந்து பேரனோடு பேசுகிறாள். படம் நிற்பதே அந்த ஐந்து நிமிடத்தில்தான். இயக்குநருக்கு ஃபுல் ஃப்ரேம் கேமரா மேல் ஆசை. பின்னணி கரைந்து முகம் மட்டும் தெரிய வேண்டும் என்றார். நான் வாதம் பண்ணவில்லை. "ஒரு ராத்திரி டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம் தம்பி" என்றேன்.

மொட்டைமாடி அறையில் சுண்ணாம்பு அடித்த சுவர், 40 வாட்ஸ் பல்பு ஒன்று. என் உதவியாளர் நல்ல கறுப்பு. அவரைப் பொடிக்கட்டம் போட்ட லுங்கியோடு பல்புக்கு மூன்றடி தள்ளி உட்கார வைத்தோம். மூன்று கேமராக்கள்.

முதலாவது பழைய கேனான் 5டி மார்க் 2. நண்பரிடம் இருந்தது, வாடகை இல்லை. 2008-ல் வந்த கேமரா. இந்த வகைக் கேமராக்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' 2012-ல் வெளிவந்தபோது, ஸ்டில் கேமராவிலும் முழுப்படம் எடுக்கலாம் என்று தைரியம் வந்தது. ஆனால் அன்றைக்கு அந்த லுங்கி முழுக்க வானவில் நெளிந்தது. சென்சாரின் வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்து வீடியோ ஆக்குவதால் வரும் மொய்ரே அது. சுவரில் பல்பு வெளிச்சம் மெல்லத் தேய வேண்டிய இடத்தில் படிப்படியாகப் பட்டை விழுந்தது. 8 பிட் என்றால் ஒரு நிறத்துக்கு 256 படிதான்; 10 பிட்டில் 1024. உதவியாளரின் நிழல் பக்கக் கன்னமோ ஒரே கறுப்பாக அடைத்துக்கொண்டது. நம் ஊர் முகத்தின் நிழலில் ஒரு செம்பழுப்பு இருக்கும். அதைக் காப்பாற்றாத கேமராவில் நம் ஊர்க் கதையை எடுக்க எனக்கு மனசு வராது.

இரண்டாவது, இயக்குநர் ஆசைப்பட்ட ஃபுல் ஃப்ரேம். இருட்டில் படம் சுத்தமாக இருந்தது. லென்ஸை 1.4-க்குத் திறந்தோம். உதவியாளர் டம்ளரை எடுக்கக் கொஞ்சம் முன்னால் குனிந்தார். கண்ணில் இருந்த ஃபோகஸ் காதுக்குப் போய்விட்டது. பாட்டியாக நடிக்க இருந்தவர் அந்த ஊர் அம்மா ஒருவர். மார்க் போட்டு அவரை அசையாமல் உட்கார வைக்க முடியாது. தேர்ந்த ஃபோகஸ் புல்லருக்குப் பட்ஜெட்டிலும் இடமில்லை. லென்ஸை மூடி ஐஎஸ்ஓவை ஏற்றலாம்தான். அப்போது கேட்ட கரைசலும் போய், கூடுதல் வாடகை மட்டும் மிஞ்சும்.

மூன்றாவது 2018-ல் வந்த பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே. சென்சார் சிறியது, அதனால் ஃபோகஸுக்கு இடம் கூடுதல். ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் 2.8. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் கண் தெளிவாக இருந்தது. நிழலில் கொஞ்சம் கிரெய்ன் தெரிந்தது, ஆனால் கன்னத்தின் நிறம் நிறமாகவே இருந்தது. இயக்குநர் திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுவே போதும்ணே" என்றார்.

குறைகளும் உண்டு. உள்ளே போடும் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்காது. வெயிலில் பின்திரை தெரியாது. வி-மவுண்ட் பேட்டரி, தனி மானிட்டர் என்று வாடகைப் பட்டியல் நீளும். தயாரிப்பாளர்கள் பாடிக்கு மட்டும் விலை பேசிவிட்டுப் பிறகு தவிப்பது இங்கேதான்.

அதைவிடப் பெரிய கணக்கு டேட்டா. நாங்கள் எடுத்த ரா ஃபார்மட்டில் வினாடிக்கு 40 எம்பி. மணிக்கு 144 ஜிபி. நாளுக்கு ஒன்றரை மணி நேர ஃபுட்டேஜ் என்றால் 26 நாளில் 5.6 டிபி. இரண்டு நகலுக்கு 11 டிபிக்கு மேல். ஹார்டு டிஸ்க் காசை மிச்சம் பிடித்து ஒரே நகலோடு ஓடிய ஒரு யூனிட், இரண்டு நாள் காட்சியை மொத்தமாக இழந்ததை நேரில் பார்த்தவன் நான்.

ஷட்டர் ஆங்கிளை 172.8 என்று வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 24 ஃப்ரேமில் அந்த ஆங்கிள்தான் சரியாக 1/50 வினாடி தரும். இல்லாவிட்டால் டியூப்லைட் துடிக்கும்.

"ஹாலிவுட்டில் 'தி கிரியேட்டர்' படத்தையே சோனி எஃப்எக்ஸ்3-ல் எடுத்தார்களே" என்று இப்போது கேட்கிறார்கள். உண்மைதான், 2023-ல் வந்தது. அதன் பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர். லைட்டுக்கும் லென்ஸுக்கும் நிறம் திருத்தும் டிஐக்கும் அவர்களிடம் இருந்தது நம்மிடம் இல்லை.

அந்தப் பாட்டி காட்சி மூன்றாவது டேக்கில் ஓகே ஆனது. அந்த அம்மா நடுவில் இரண்டு முறை எழுந்து விளக்கைச் சரி செய்தார், ஒத்திகையில் இல்லாதது. இரண்டுமே படத்தில் இருக்கின்றன.

கேமராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரே ஒரு ராத்திரி ஒதுக்குங்கள். உங்கள் நடிகரை, உங்கள் கதையின் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுங்கள். எடுத்ததை மொபைலில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். டிஐ தியேட்டரில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிப் பெரிய திரையில் போட்டுப் பாருங்கள்.