திருடிய கால்கள் காட்டும் வழி

தேக்கடி ஏரியின் மறுகரையில் இறங்கியதும் வழிகாட்டி முதலில் தந்தது, முழங்கால்வரை கட்டிக்கொள்ள ஒரு துணி உறை. அட்டைக் கடிக்கு அதுதான் தடுப்பு. பிறகு முன்னால் நடந்தார். அடிக்கடி நின்று தரையைப் பார்த்தார். மண்ணில் பதிந்த குளம்பு மிளாவினுடையது என்றார். புதுச் சாணத்தைக் காட்டி, யானைகள் விடியற்காலையில் கடந்திருக்கும் என்றார். இந்தப் படிப்பு எங்கே கிடைத்தது என்று கேட்டதற்குச் சிரித்தார். ஒரு காலத்தில் இதே பாதையில் இரவில் நடந்தவராம், தலையில் பட்டைச் சுமையோடு.

வயணா என்று மலையாளத்தில் சொல்லப்படும் காட்டு இலவங்க மரத்தின் பட்டை அது. உரித்துக் கடத்தினால் காசு. பிடிபட்டால் வழக்கு. முழுக்க உரிக்கப்பட்ட மரமோ பிழைப்பதில்லை.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையால் உருவானது 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த ஏரி. அன்று மூழ்கிய மரங்களின் மொட்டை அடிகள் இன்னமும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. 1978இல் காடு புலிகள் காப்பகமானது. ஆனால் வருகிறவர்களுக்குத் தேக்கடி என்றால் டிக்கெட் வரிசை, படகு, கேமரா, திரும்பும் பஸ். உள்ளூர் ஏழைகளுக்கு அந்தக் காட்சியில் இடமில்லை.

1996இல் உலக வங்கி உதவியுடன் நாட்டின் ஏழு சரணாலயப் பகுதிகளில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. பெரியாறும் அதில் ஒன்று. வனத்துறை இங்கே ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பட்டை கடத்தியவர்களோடு உட்கார்ந்து பேசியது. அவர்கள் தொழிலை விட்டார்கள். கடத்தல் வழிகளையும் காட்டிக்கொடுத்தார்கள். 1998இல் அவர்களையே வழிகாட்டிகளாக வைத்து, காட்டுக்குள் கூடாரத்தில் தங்கும் நடைப்பயணம் தொடங்கியது. துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் கூட வருவார். பின்னால் மூங்கில் தெப்பம், இரவு ரோந்து நடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மன்னான், பளியர் பழங்குடியினரும் வழிகாட்டிகளாயினர்.

சுற்றுலாத் தலத்தைப் புதுப்பிப்பது என்றால் நம்மூரில் சிமென்ட் மூட்டை இறங்கும். நுழைவாயிலில் ஒரு யானைச் சிலை முளைக்கும். இங்கே மாற்றியது ஆட்களின் வேலையை. வழிகாட்டிகள் நடக்கும் வழியெல்லாம் காவலும் ஆகிவிடுகிறது. கண்ணி எங்கே வைப்பார்கள், மூட்டையை எந்தப் புதரில் ஒளிப்பார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாததல்ல.

எல்லாம் சுபம் என்று முடிக்கவும் முடியாது. பழைய படகுச் சவாரியின் கூட்டம் குறையவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். சிறு குழுவாக, நிதானமாகக் காட்டைப் பார்க்கும் வழி அதே கரையில் பதினோரு ஆண்டுகளாக இருந்தும் இது நடந்தது. 2020இல் கொரோனா காப்பகத்தைப் பூட்டியபோது வேறொன்று புரிந்தது. காட்டைக் காப்பவர்களின் சோறு சுற்றுலாப் பயணியின் சட்டைப்பையில் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான்; ஆனால் உறுதியான ஏற்பாடு அல்ல.

திரும்பும்போது வழிகாட்டி ஒரு மரத்தடியில் நின்றார். அரைகுறையாக உரிக்கப்பட்டு உயிர் தப்பிய வயணா. தழும்பின் ஓரங்களில் புதுப் பட்டை மூடி வந்திருந்தது. ஓர் இலையைக் கசக்கி முகரக் கொடுத்தார். உரித்தது யார் என்று நான் கேட்கவில்லை.