ஆறு முடியும் இடத்தில் இருபத்தொரு தீவுகள்!

கோடை விடுமுறை என்றாலே திருநெல்வேலி வீடுகளிலும் இப்போது மாலத்தீவு, அந்தமான் பேச்சு அடிபடுகிறது. அலைச்சறுக்கு, பவளப்பாறை, கைட் சர்ஃபிங் என்று செல்போனில் பார்த்ததெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டும். ஆனால், குறுக்குத்துறைப் படித்துறையைத் தொட்டு ஓடும் தாமிரபரணி போய்ச் சேர்வதும் ஒரு தீவுக் கடலில்தான்.

பொதிகையில் பிறக்கும் ஆறு, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவோடு கலக்கிறது. அங்கிருந்து வடக்கே, தூத்துக்குடியில் தொடங்கி ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். பவளப்பாறை, கடற்புல், ஆமை, கடல்பசு என உயிர்கள் நிறைந்த இந்தப் பகுதி 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவானது.

உடனே படகு பிடித்துத் தீவுக்குப் போய்விடலாமா? முடியாது. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. அதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையின் அடியைத் தாங்கிய பாறை போனதும் தீவின் மணல் கரைந்தது. தூத்துக்குடி பக்கத்து விலாங்குசல்லித் தீவு கடலுக்குள்ளேயே போய்விட்டது. வான் தீவும் தேய்ந்துகொண்டே வர, அதைக் காப்பாற்ற கான்கிரீட்டில் செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கினார்கள். எஞ்சியிருக்கும் தீவுகளை விட்டுவைப்பதுதான் அவற்றுக்கு நாம் செய்யும் உதவி.

அப்படியானால் விளையாட எங்கே போவது?

மணப்பாடு அழைக்கிறது

திருச்செந்தூரைத் தாண்டித் தெற்கே சுமார் 18 கி.மீ. போனால் மணப்பாடு. கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல் குன்று, அதன் மேலே திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் இங்கேதான். குன்றைச் சுற்றி வளைந்து வரும் அலை, சர்ஃபிங் பலகையோடு வருபவர்களுக்குப் பிடித்தமானது. கருமேனியாறு கடலைத் தொடும் இடத்தில் தேங்கிநிற்கும் உப்பங்கழியில் அந்த அலை இல்லை. துடுப்புப் படகு பழக அது வசதி.

கைட் சர்ஃபிங்குக்குக் காற்று வேண்டும். குற்றாலத்தில் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்று, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு இந்தக் கடலுக்குள் இறங்குகிறது. ஆனி, ஆடியில் அதன் வேகமே தனி. ஆனால், அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று. பலகையிலிருந்து விழுந்தவரை ஆழத்துக்குத்தான் தள்ளிக்கொண்டு போகும். பயிற்சியாளரும் மீட்புப் படகும் இல்லாமல் இறங்கவே கூடாது.

மூச்சடக்கியவர்கள்

நமக்கு விளையாட்டாக இருப்பது இந்தக் கரைக்குப் பிழைப்பாக இருந்தது. காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கி இறங்கி, சிப்பி அள்ளியவர்களால்தான் இதற்கு முத்துக்குளித்துறை என்று பெயர் வந்தது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. 1961-க்குப் பிறகு இந்தப் பக்கம் முத்துக்குளிப்பும் நடக்கவில்லை. ஆனால், சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த மாதம் நீர் தெளியும், எங்கே சுழி இழுக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தண்ணீரில் இறங்கும் முன் ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆற்றில் நீச்சல் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. ஆறு ஒரு திசையில் இழுக்கும். கடல் கரைக்குத் தள்ளிக்கொண்டே அடியில் உள்ளே இழுக்கும். இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

விடிவதற்குள் நெல்லையிலிருந்து கிளம்பினால், வெயில் ஏறுமுன் ஒரு ஆட்டம் போட்டுவிடலாம். மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும். அப்போது கரையில் நின்று வேடிக்கை பார்க்கலாம். திரும்பும் வழியில் புன்னக்காயலுக்கும் ஒரு எட்டுப் போய் வாருங்கள். குறுக்குத்துறையில் குளித்த தண்ணீர் உப்பாகும் இடத்தைப் பிள்ளைகளும் பார்க்கட்டும்.