பிசுபிசுக்கும் கறுப்பு

முதலில் கதவின் உள்பிடியில்தான் தெரியும். இழுத்துச் சாத்திவிட்டுக் கையை எடுத்தால் விரல் லேசாக ஒட்டும், நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருக்கும். அப்புறம் கியர் லிவரைச் சுற்றியுள்ள சட்டம், ஏசி வென்ட்டின் விளிம்பு, ஆடியோ செட்டைச் சுற்றிய பேனல் என்று ஒவ்வொன்றாகப் பரவும். 2000-களின் தொடக்கத்தில் இந்தியச் சாலைகளுக்கு வந்த ஐரோப்பிய செடான்களில் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே கை வைத்தால் மட்டும் பலாப்பழம் அறுத்த கத்தியைத் தொட்டது போலிருக்கும்.

உரிந்துபோன இந்த பிளாஸ்டிக்குக்கு என்ன பெயிண்ட் வாங்குவது? எனக்கு வேண்டியிருந்த விடை அவ்வளவுதான். ஹார்டுவேர் கடையில் மேட் பிளாக் ஸ்பிரே டப்பா ஒன்றை எடுத்து வைத்தார்கள். கார் அலங்காரக் கடையில், பெயிண்ட்டே வேண்டாம், கார்பன் ஃபைபர் டிசைன் ஸ்டிக்கர் ஒட்டி மூடிவிடலாம் என்றார்கள். பிசுக்கின் மேல் ஸ்டிக்கர் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் வயதான பெயிண்டர் ஒருவரைப் பிடித்தேன். பியட், அம்பாசிடர் காலத்திலிருந்து தகரத்துக்குப் பெயிண்ட் அடித்துக் கை பழகியவர். கழற்றிக் கொண்டுபோயிருந்த பேனலின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்பு மேல்தோல் சுருண்டு வந்தது. அடியில் கெட்டியான பிளாஸ்டிக், அதுவும் கறுப்பு.

"பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகல சார். கம்பெனில மேல அடிச்ச பெயிண்ட்டுதான் போயிருக்கு. இத எடுக்காம நீங்க எது அடிச்சாலும் நிக்காது."

கறுப்பு பிளாஸ்டிக்குக்கு எதற்காகக் கறுப்புப் பெயிண்ட்? டப்பா வாங்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டு இதைத் தேடக் கிளம்பினேன்.

உருக்கி அச்சுக்குள் அழுத்தி எடுக்கும் பிளாஸ்டிக் மலிவு, ஆனால் தட்டினால் டொக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். உருகி ஓடிய தடம் தெரியும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் வெவ்வேறு பிளாஸ்டிக்காக இருந்தால் ஒரே கறுப்பு இரண்டு கறுப்பாகத் தெரியும். தொட்டால் அமுங்குகிற நிஜ மெத்தென்ற பரப்பு வேண்டுமானால், பிவிசி தோலை ஒரு சட்டத்தின் மேல் போர்த்தி நடுவே நுரையை நிரப்ப வேண்டும். அதற்குச் செலவு அதிகம். 1990-களில் கார் உள்ளலங்காரத்தில் பரவிய குறுக்குவழி, கெட்டி பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் போன்ற ஒரு மெல்லிய பெயிண்ட் அடிப்பது. விரல் ஏமாந்துவிடும். ஷோரூமில் கதவைத் திறந்து உட்காருகிறவருக்கு அந்த முதல் ஐந்து நிமிடம் போதும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

அந்தப் பெயிண்ட்டின் பரம்பரையைப் பிடித்துக்கொண்டு போனால் ஜெர்மனியின் லெவர்குசன் நகரம் வருகிறது. அங்கே 1937-இல், ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் ஆய்வகத்தில், ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவும் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார்கள். ஐசோசயனேட் ஒரு பக்கம், பாலியால் மறுபக்கம், இரண்டும் கலந்தால் கெட்டிப்படும். எந்தப் பாலியாலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மெத்தை நுரையாகலாம், ஷூவின் அடிப்பகுதியாகலாம், காரின் வெளிப்புறப் பளபளப்புப் பூச்சாகவும் ஆகலாம். நீளமான, வளைந்துகொடுக்கும் சங்கிலிகளைக் கொண்ட பாலியாலைச் சேர்த்து, பளபளப்பை மடக்க சிலிக்காத் தூளையும் கலந்தால் என் கதவுப் பிடியின் பூச்சு கிடைத்துவிடும்.

வம்பு அந்தப் பாலியாலில். பாலியெஸ்டர் வகையாக இருந்தால் அதில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, தண்ணீரை வெளியே தள்ளி உருவாகிற பிணைப்பு அது. காற்றின் ஈரப்பதமாக அதே தண்ணீர் உள்ளே புகுந்தால் பிணைப்பு மெல்ல அவிழும். அவிழும்போது அமிலம் பிறக்கும், அந்த அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் வேகமாக அறுக்கும். அதனால்தான் பல வருடம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, ஆரம்பித்ததும் மளமளவென்று போகிறது. சூடு இதை முடுக்கிவிடுகிறது. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். கடல் காற்றும் சித்திரை வெயிலும் சேர்ந்த சென்னையில் இந்தப் பூச்சுக்கு என்ன கதி என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கை வியர்வையும் கிரீமும் தம் பங்குக்குச் சேரும். கைக்குப் பூசும் கிரீமை உள்பாகங்கள் தாங்குமா என்று பார்க்க ஐரோப்பியக் கார் தொழிலில் தனிச் சோதனையே இருக்கிறது.

இந்த நோய் காருக்கு மட்டும் வருவதில்லை. 1970, 80-களில் ஒலிப்பதிவுக்கூடங்கள் பயன்படுத்திய ஸ்பூல் டேப்புகள் பலவற்றில் காந்தத் தூளை ஒட்டிவைத்திருந்ததும் பாலியெஸ்டர் பாலியூரித்தேன்தான். ஈரம் குடித்த டேப் ஓடும்போது கிறீச்சிடும், கருவியின் தலையில் பிசினை அப்பிவிட்டு நின்றுவிடும். ஆவணக் காப்பாளர்கள் அந்த டேப்புகளை 50 டிகிரிக்குச் சற்று மேலான வெப்பத்தில் மணிக்கணக்காக வேகவைத்து, ஈரத்தை விரட்டி, மறுபடி பிசுக்கு வருவதற்குள் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். போடாமல் பெட்டியிலேயே பத்திரமாக வைத்த ஷூ, ஒருநாள் காலில் மாட்டியதும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். என் காருக்கு அந்த டேப் வைத்தியம் பலிக்காது என்பதில் வியப்பில்லை. அது தினமும் வெந்துகொண்டுதானே இருக்கிறது!

ஆக, அவிழ்ந்த பிணைப்பை எந்தப் பாலிஷும் கட்டிவைக்காது. பெயிண்டர் சொன்னபடி உரித்தாக வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஊறவிட்டுத் துடைத்தால் கறுப்பு கரைந்து வரும். தோள் வலிக்கும் வேலை. தின்னர் போட்டால் நொடியில் போய்விடும், ஆனால் அடியில் இருப்பது ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் அதையும் சேர்த்துக் கரைக்கும். நகப்பூச்சு நீக்கியில் இருக்கும் அசிட்டோனும் அப்படியே.

அடியில் இருப்பது என்ன என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பேனலைத் திருப்பிப் பார்த்தாலே போதும். உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ், பிபி, பிசி+ஏபிஎஸ் என்று எழுத்துகளை அச்சிலேயே வார்த்திருப்பார்கள். ஐஎஸ்ஓ 11469 என்ற தர விதி சொல்லும் முறை இது. கழிந்த பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிறவர்களுக்காக ஏற்பட்டது. எந்த ஸ்பிரே டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைவிடவும் பெயிண்ட் தேடுகிறவனுக்கு இந்த நாலு எழுத்துதான் உபகாரம் என்பேன். என் கதவுப் பிடியில் ஏபிஎஸ். கதவின் அடிப்பாகத்தில் 'பிபி-டிடி20'. அதாவது பாலிபுரொப்பிலீன், அதில் 20 சதவீதம் டால்க் தூள்.

பாலிபுரொப்பிலீனுக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மானியரான கார்ல் சீக்லரின் வினையூக்கியை எடுத்துக்கொண்டு மிலானில் ஜூலியோ நாட்டா 1954-இல் ஒழுங்கான அடுக்கு கொண்ட பாலிபுரொப்பிலீனை உருவாக்கினார். இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு. மலிவு, லேசு, ஆசிட் பட்டாலும் அசையாது. அதே குணத்தால் பெயிண்ட்டும் அதில் பிடிக்காது. மேலே தண்ணீர் தெளித்தால் பரவாமல் முத்து முத்தாக நிற்கும், பெயிண்ட்டுக்கும் அதே மரியாதைதான். சுத்தமான பிபி தண்ணீரில் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும் என்று ஒரு பழைய சோதனை சொல்வார்கள். டால்க் கலந்த பிபியும் மூழ்கிவிடும் என்பதால் கார் விஷயத்தில் அதை நம்பிப் பயனில்லை. பம்பர்களும் பெரும்பாலும் இந்த இனம்தான். ஆலையில் நெருப்பு நாக்கை மேலே ஓடவிட்டோ, குளோரின் ஏற்றிய பாலிஓலிஃபின் கலந்த பிரைமரை அடித்தோ பெயிண்ட்டைப் பிடிக்கவைப்பார்கள். அந்தப் பிரைமர் இல்லாமல் அடித்த பம்பர் பெயிண்ட் பாளம் பாளமாக உரிவதைப் பார்க்காத பெயிண்டர் கிடையாது.

இதற்குப் பிறகு பெயிண்ட் தேர்வு எளிதாகிவிட்டது. எனாமல் வேண்டாம். மெதுவாகக் காயும், பளபளக்கும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூகே பெயிண்ட் நன்றாக உழைக்கும், ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பதும் ஐசோசயனேட்தான். ஸ்பிரே செய்யும்போது மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவந்துவிடும். சரியான முகக்கவசமும் ஸ்பிரே பூத்தும் இல்லாமல் வீட்டு மொட்டைமாடியில் செய்யும் வேலை இல்லை. பிளாஸ்டிக்குக்கும் ரெக்சினுக்கும் என்றே வரும், வளைந்துகொடுக்கும் ஒற்றை டப்பா ஸ்பிரேயை எடுத்தேன். ஏபிஎஸ்ஸுக்கு 800 நம்பர் வாட்டர் பேப்பரால் ஒரு தடவல் போதும். பிபிக்கு மட்டும் முன்னால் அந்தப் பிரைமர்.

நிறத்தைவிடப் பளபளப்பில்தான் கண் வைக்க வேண்டும். 60 டிகிரி கோணத்தில் ஒளியைப் பாய்ச்சி அளக்கிற கணக்கில், மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடி 100 என்றால் டாஷ்போர்டு பொதுவாக 5-க்கும் கீழே இருக்கும். அலங்காரத்துக்காக அல்ல. பளபளத்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து ரோட்டை மறைக்கும். மேட் என்று எழுதிய டப்பாக்களிலேயே பல, காய்ந்தபின் இதைவிட மினுக்கும். உடைந்த துண்டில் அடித்து, காயவைத்து, வெயிலில் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தபின்தான் டாஷ்போர்டுப் பக்கம் போனேன். மெல்லிய பூச்சாக இரண்டு முறை, அதற்குமேல் இல்லை. தோல் போன்ற அந்த வரிகளை இரும்பு அச்சில் அரித்துச் செதுக்கியிருப்பார்கள். கனமாக அடித்தால் வரி நிரம்பி, பேனல் மொழுக்கென்று ஆகிவிடும். பட்டி பார்ப்பதை நினைக்கவே கூடாது.

பாதிப் பாகங்களுக்குப் பெயிண்ட்டே தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உரித்து, சோப்புத் தண்ணீரில் கழுவியதும் அடியிலிருந்த ஏபிஎஸ் தன் சொந்தக் கறுப்பிலேயே நன்றாக இருந்தது. கொஞ்சம் கெட்டியாக, தட்டினால் டொக்கென்று. அதை அப்படியே மாட்டிவிட்டேன்.

மிச்சம் ஜன்னல் கண்ணாடி இறக்கும் சுவிட்சுகள். இரவில் எரியும் குறிகள் கொண்ட சுவிட்சுகளை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் செய்து, வெள்ளை அடித்து, மேலே கறுப்பு அடித்து, குறியின் வடிவத்தில் கறுப்பை மட்டும் லேசரால் எரித்து எடுப்பார்கள். அங்கே படத்தை வரைந்திருப்பதே பெயிண்ட்தான். ஆல்கஹாலால் துடைத்தால் குறி அழிந்து சுவிட்ச் முழுவதும் பல்ப் மாதிரி எரியும். எந்த டப்பாவும் அதைத் திரும்ப வரையாது. பெயிண்டரிடம் கேட்டேன்.

"அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல சார். உள்ள போய் நல்ல சுவிட்சு கிடைக்குதான்னு பாருங்க. தொட்டுப் பாத்து வாங்குங்க."

புதுப்பேட்டை சந்தில் ஒரு கடைக்காரர் அதே மாடலின் சுவிட்சுகளை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொட்டினார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக விழுந்தன. அவற்றில் ஒட்டாத நாலைப் பொறுக்கி, பேரம் பேசி வாங்கிவந்தேன்.