நீல மச்சமும் நிழற்படமும்



அடியில் இருப்பதை அறியாமல் தோண்டக்கூடாது என்பது நெய்வேலி நகரியத்தில் வாழும் எங்களுக்குப் பழகிய பாடம். இங்கே பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழ் ஊற்றுநீர் பேரழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கிறது. இரவு பகலாக அதனை இறைத்து, அழுத்தத்தைக் குறைத்தே சுரங்கம் வெட்டுகிறார்கள். இப்பாடம் மனித உடலுக்கும் பொருந்தும் என்பதை என் மகன் மூலம் அல்லாஹ் எனக்கு உணர்த்தினான்.

பிறந்தபோதே அவன் தொடையில் நீலநிறத் தடிப்பு ஒன்று இருந்தது. "மச்சம்தானே, நல்லதுக்குத்தான்" என்றார் மாமியார். நானும் வாளாவிருந்தேன். அவனோடு அதுவும் வளர்ந்தது. பன்னிரண்டாம் வயதில், "உம்மா, காலையில எழுந்தா கால் வலிக்குது" என்றான். தொட்டுப் பார்த்தால் பட்டாணி போன்ற உருண்டைகள். முதலில் கண்ட மருத்துவர், "கட்டிதான், வெட்டி எடுத்துவிடலாம்" என்று நாளும் குறித்துவிட்டார். "பொறு, இன்னொருவரிடமும் காட்டுவோம்" என்றார் என் கணவர்.

இரண்டாமவர் முதலில் எக்ஸ்ரே எடுத்தார். அதில் வெண்முத்துக்கள் போல் வட்டப் புள்ளிகள் தெரிந்தன. "இது கட்டியன்று; சிரைகளின் பிறவிக் கோளாறு. இதனுள் இரத்தம் தேங்கி உறைகிறது. பழைய உறைவில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து கல்லாகியிருக்கிறது" என்று விளக்கினார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கோளாறு தசைக்குள்ளும் ஆழப் பரவியிருந்தது. பரப்பு பெரிதாகவும் கற்கள் உள்ளதாகவும் படம் காட்டினால், இரத்தம் உறையும் தொல்லையை எதிர்பார்க்க வேண்டுமாம். ஆயினும் படம் மட்டும் போதாது என்று இரத்தத்தையும் சோதித்தார். டி-டைமர் கூடியிருந்தது, ஃபைப்ரினோஜன் குறைந்திருந்தது.

உறைவதற்கான பொருள் உள்ளேயே செலவாகிவிடுவதால், கத்தி பட்டால் இரத்தம் நிற்காமல் பெருகக்கூடும். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தாலோ உயிருக்கே ஆபத்து. கேட்டபோது என் கைகள் நடுங்கின. குறித்த நாளில் அறுத்திருந்தால்?

கால் உறை அணிவித்தார்கள். ஹெப்பாரின் ஊசி போட்டு, இரத்த அளவுகள் சீரானபின், அறுவைக்குப் பதிலாக மருந்து செலுத்திச் சிரைகளைச் சுருக்கும் சிகிச்சை செய்தார்கள். முற்றாக மறையவில்லை, ஆனால் இன்று அவன் வலியின்றி ஜும்ஆவுக்கு நடந்து செல்கிறான். அல்ஹம்துலில்லாஹ்!

சகோதரிகளே! பிறந்த சில வாரங்களில் தோன்றி வேகமாக வளரும் சிவந்த இரத்தக் கட்டிகள் பெரும்பாலும் பின்னர் தாமே சுருங்கும். பிறவிச் சிரைக் கோளாறு அவ்வாறு சுருங்காது. இரண்டும் வெவ்வேறு என்பதை 1982-இல் முல்லிக்கன், குளோவாக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் தெளிவுபடுத்தினர். நீலத் தடிப்பு வளர்ந்தாலோ, வலித்தாலோ, உள்ளே கல் தட்டுப்பட்டாலோ காலம் தாழ்த்தாதீர்கள். கத்தி வைக்குமுன், "ஸ்கேன் எடுத்தீர்களா? இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்தீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். மருத்துவரிடம் கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. அதுவும் ஒட்டகத்தைக் கட்டுவதே.

நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல நாயன் ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.