டிஸ்ப்ளே வந்தால் போதுமா?

ரிச்சி தெருவின் சந்தடியைத் தாண்டி, ஒரு குறுகலான மாடிப்படியின் மேலே இருக்கிறது அந்தப் பட்டறை. என் மதர்போர்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தெர்மல் பேஸ்ட் மாற்றிய நாளிலிருந்து ஒரு பக்கத்து ரேம் ஸ்லாட்டுகள் இரண்டும் வேலை செய்யவில்லை. நடுவில் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். பிராசஸரைக் கழற்றியபோதுதான் சாக்கெட்டில் இரண்டு பின்கள் சாய்ந்திருப்பது தெரிந்தது.

முன்பு பின்கள் பிராசஸரின் அடியில் இருந்தன. 2004-இல் இன்டெல் தன் 775 சாக்கெட்டில் அவற்றைப் போர்டுக்கு மாற்றியது. என்னுடையது 1200 பின் சாக்கெட்.

மெக்கானிக் செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். நாற்று நட்ட வரிசைபோல் ஒளி நேராக ஓடி, ஒரே இடத்தில் கலைந்தது. மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினார். ஒவ்வொரு பின்னும் சாய்ந்தெழுந்து நுனியில் மடிந்த மெல்லிய தகடு. ஒன்று பக்கத்துப் பின்மேல் படுத்திருந்தது.

"ஒரு தடவைதான் தாங்கும் சார். ஆட்டி ஆட்டி நிமுத்துனா ஒடிஞ்சிடும்."

ஊசி முனையை அதன் அடியில் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினார். கொஞ்சம் தூக்குவார், நிறுத்துவார், பக்கத்து வரிசையோடு ஒப்பிடுவார், மறுபடி தூக்குவார். இரண்டு பின்களுக்கு முக்கால் மணி நேரம். பிறகு பிராசஸரைப் பூட்டி, உடனே கழற்றி, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். பின் தொட்ட இடத்தில் தங்கப் பூச்சின்மேல் சிறு புள்ளித் தடம் விழும். அந்த இரண்டு பின்களுக்கு நேரான இடங்களிலும் இப்போது புதுத் தடம் இருந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது என் நெஞ்சு லேசானது.

போர்டை ஆன் செய்தார். டிஸ்ப்ளே வந்தது. நான் பர்ஸை எடுத்தேன்.

"இருங்கண்ணே, இன்னும் டெஸ்டே பண்ணல" என்றான் உதவிக்கு இருந்த தம்பி.

அவன் சொன்னதில்தான் இந்தத் தொழிலின் நேர்மை இருக்கிறது. பின்களில் பல கிரவுண்டுக்கும் மின்சாரத்துக்கும் போகிறவை; ஒன்று தொடாவிட்டாலும் மற்றவை சுமந்துகொள்ளும், கணினி ஓடும். ரேமுக்குப் போகும் சிக்னல் பின் அரைகுறையாகத் தொட்டாலும் டிஸ்ப்ளே வரலாம், பயாஸ் ரேமையும் காட்டலாம். எழுதிய ஃபைல் மட்டும் சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். அதற்கு அஞ்சித்தான் நான் பல நாள் என் கட்டுரைகளை மூன்று இடத்தில் சேமித்து வைத்திருந்தேன்.

நான்கு ஸ்லாட்டிலும் ரேமை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது. மறுநாள் காலை, போர்டு நன்றாக ஆறிய பிறகு மறுபடி ஆன் செய்தார்கள். சூட்டில் தொட்டுக்கொண்டிருக்கும் பின் ஆறியதும் விலகலாம் என்பதால் இந்தச் சோதனை முக்கியம். அடுத்தது பிரைம்95. 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்கான நிரல் அது. தன் கணக்கு தப்பினால் தானே கண்டுபிடித்துவிடும். ஃபேன் இரைச்சலில் மூன்று மணி நேரம் ஓடியது. பிழை இல்லை. ஈவென்ட் வியூவரிலும் ஹார்டுவேர் பிழைப் பதிவு ஒன்றுமில்லை.

போர்டைக் கையில் கொடுத்தவர், சாக்கெட்டின் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியையும் தனியாகக் கொடுத்தார்.

"இதத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். பிராசஸரக் கழட்டுனா மொதல்ல இதத்தான் மாட்டணும்."